இதயம் உங்களுதா, அவருதா?

ஜூன் 9

என்னங்க,

போனில் மூன்று தடவை பேசினோம், மூன்றும் சண்டை. முதல் தடவை நான் வைத்தேன். இரண்டாம் தடவை நீங்கள் வைத்தீர்கள். மூன்றாம் தடவை சார்ஜ் போய்விட்டது என்றீர்கள், நானும் நம்பிவிட்டேன். சண்டை இல்லாத நேரத்தில் நீங்கள் பேசுவதெல்லாம் ஒரே ஒரு "ம்". அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால் இனிமேல் கடிதம்தான். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

புது ஊர், புது அறை. ஜன்னலைத் திறந்தால் டிரான்ஸ்ஃபார்மர் தெரிகிறது. மின்சார அலுவலகத்துக்குப் பொறுப்பாக வந்தவளுக்கு வேறென்ன தெரியும்? இத்தனை வருடம் புகார் ஜன்னலில் உட்கார்ந்து "எப்போம்மா கரண்ட் வரும்" என்கிற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே முதல் நாள் உள்ளே நுழைந்ததும் லைன்மேன்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை, எனக்கும் ஆறவில்லை. ஆனால் அந்த நர்ஸ் செய்ததில் என்ன தப்பு? இதயம் பலவீனமானவர்கள் தங்கள் உடம்பைத் தாங்களே எவ்வளவு கவனித்துக்கொள்கிறார்கள் என்று அளக்க ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். அவள் கேட்டாள். "எந்த மாத்திரை எதுக்குன்னு தெரியுமா?" நான் சொன்னேன். "தினம் காலைல எடை பார்க்கிறீங்களா?" அதையும் நான் சொன்னேன். "மூச்சு வாங்குனா முதல்ல என்ன செய்வீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, இதயம் உங்களுதா, அவருதா?"

அப்புறம் உங்களைத் தனியாகக் கேட்டாள். நீங்கள் எல்லாவற்றுக்கும் "அவளைக் கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி, மொத்தம் நாலு படியில் முதல் படியில் போய் உட்கார்ந்தீர்கள். தன் உடம்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பவர்களுக்கு அந்தப் படியாம். "இவரத் தனியா விட்டுட்டு எப்படிப் போவீங்க?" என்று கேட்டாள். "போகல" என்றேன். நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். வீட்டுக்கு வந்து என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "ரெண்டு தடவ என்னால புரமோஷன் வேணாம்னு எழுதிக் குடுத்தே. மூணாவது தடவயும் குடுத்துட்டு, சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டப் போறியா?" நான் சொல்லிக் காட்டியதே இல்லை. அதனால்தான் வலித்தது.

வந்துவிட்டேன். ஆனால் ஒரு வழி திறந்திருக்கிறது. ஆகஸ்ட் 31க்குள் எழுதிக் கொடுத்தால் பழைய ஜன்னலுக்கே திரும்பலாம். அதற்குப் பிறகு முடியாது. அதற்குள் நீங்கள் மூன்றாம் படிக்காவது ஏறவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இது மிரட்டல் இல்லை. எனக்கே பிடிக்காத முடிவு.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 16

பொறுப்பு அதிகாரி அம்மா அவர்களுக்கு,

தராசு ரிப்பேர்க் கடைக்காரன் எழுதிக்கொள்வது. நலம். எடை எழுபத்தொன்று. கிளம்பும்போது நீ எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

முதல் படிக்காரன் என்பதால் அந்த நர்ஸ் வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்கிறாள். மக்குப் பையனுக்கு டியூஷன் வைத்த மாதிரி. "பெரிய வெள்ளை மாத்திரை எதுக்கு?" என்கிறாள். "முழுங்கத்தான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. இப்போது தெரியும்: பெரிய வெள்ளை ரத்த அழுத்தத்துக்கு, சின்ன வெள்ளை துடிப்புக்கு, மஞ்சள் உடம்பில் சேரும் தண்ணீரை இறக்க. இதயம் சரியாகத் தள்ளாவிட்டால் தண்ணீர் தேங்குமாம், எடை ஏறுமாம். அதனால்தான் தினமும் எடை. எட்டு வருடமாக மாத்திரையை நீ என் உள்ளங்கையில் வைத்தாய், நான் வாயில் போட்டேன். எதுக்கு என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். கடைக்காரன் தராசைக் கொண்டுவந்தால் நான் அவன் பேச்சைக் கேட்பதில்லை. எடை தெரிந்த கல்லைத் தூக்கி வைப்பேன், முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். இவர்கள் மனிதனை அளக்க மனிதனிடமே கேட்கிறார்கள். "நீ சரியா இருக்கியா?" என்று தராசையே கேட்டால் அது என்ன சொல்லும்? இதை நர்ஸிடம் கேட்டேன். "நல்ல கேள்வி. மாத்திரை போட்டாச்சா?" என்றாள்.

சமையல் நடக்கிறது. உப்பு குறைவு. ருசியைப் பற்றிக் கேட்காதே.

தராசுக்காரன்


ஜூலை 9

அம்மணி,

உட்கார்ந்துகொண்டு படி. நேற்று மாதப் பரிசோதனை. கேள்வித்தாளை மறுபடி கொடுத்தார்கள். நான் இப்போது நாலாம் படி. மூன்று இல்லை, நாலு. அதற்கு மேலே படியே கிடையாது.

நர்ஸ் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். "சார், ஒரே மாசத்துல எப்படி?" என்றாள். "நல்ல வாத்தியார்" என்றேன். சந்தோஷப்பட்டாள். நாலாம் படிக்காரர்களுக்கு மாதம் ஒரு போன்தானாம், மீதி நேரம் கீழ்ப்படிக்காரர்களுக்கு வேண்டுமாம். நியாயம்தானே? இனி டியூஷன் தொல்லை இல்லை.

ஆக, நீ திரும்பி வருகிற பேச்சு முடிந்தது. அங்கேயே நல்ல வீடாகப் பார். டிரான்ஸ்ஃபார்மர் தெரியாத ஜன்னலாக.

எடை எழுபத்தொன்றரை. அரை கிலோ சாப்பாட்டுக் கணக்கு.

தராசுக்காரன்


ஜூலை 14

என்னங்க,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்து, அங்கேயே சிரித்துவிட்டேன். லைன்மேன்களில் மூத்தவர் "என்ன மேடம், நல்ல சேதியா?" என்றார். "எங்க வீட்டுக்காரர் பாஸாயிட்டார்" என்றேன். அவர் குழம்பிப்போனார்.

ஆனால் ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு போய்விட்டது. முதல் படியிலிருந்து நாலாம் படிக்கு ஒரே தாவலா? நீங்கள் மாடிப்படியே நின்று நின்று ஏறுகிறவர்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. லைன் ஆஃப் செய்தாகிவிட்டது என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், லைன்மேன் நம்பக் கூடாது. டெஸ்டர் வைத்துத் தானே பார்த்த பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும். போன வாரம் ஒருவர் "நீங்க சொன்னா போதும் மேடம்" என்று மரியாதையாக ஏறப் பார்த்தார். இறங்கச் சொல்லித் திட்டினேன். என் மேல் உள்ள மரியாதையால் ஒருவர் சாக வேண்டாம்.

அதனால் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தப் பதில்களை எழுதியது நீங்களா, உங்கள் வீராப்பா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று ஒரு தெரு முழுக்க கரண்ட் இல்லை. எந்தக் கம்பத்தில் பழுது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இத்தனை வருடம் புகார் கேட்ட காது ஆயிற்றே, முதலில் யார் வீட்டில் விளக்கு மங்கியது என்று விசாரித்து, மூலைக் கம்பம் என்றேன். மூலைக் கம்பம்தான். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 30

அம்மணி,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். அதாவது வேலை அதிகமில்லை, செய்ய நேரம் அதிகம் ஆகிறது. இந்த வெயிலில் யாருக்குத்தான் மூச்சு வாங்காது?

நம் வீட்டு எடை மெஷின் கெட்டுவிட்டது. எழுபத்திரண்டு காட்டியது, எழுபத்து மூன்று காட்டியது, அப்புறம் எழுபத்தாறு. ஒரு மனிதன் உப்பில்லாத சாப்பாடு சாப்பிட்டு ஒரு வாரத்தில் இத்தனை கிலோ ஏறுவானா? உள்ளே வில் தளர்ந்தால் இப்படித்தான் கூடுதலாகக் காட்டும். ஊர்த் தராசையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டில் இப்படி ஒரு மெஷின், வெளியே தெரிந்தால் மானம் போகும். பிரித்து, வில்லை இறுக்கி, சரிசெய்துவிட்டேன். எழுபத்தொன்றில் நிறுத்தினேன்.

வழக்கம்போலக் கீழே கடையிலிருந்து இருபது கிலோ கற்களைக் கொண்டுவந்து வைத்துத்தான் பார்த்திருக்க வேண்டும். ஒரு கல்லை மாடிப்படி பாதி வரைக்கும் தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, கீழேயே வைத்துவிட்டேன். என் எடை எனக்குத் தெரியாதா? நானே கல்லாக ஏறி நின்றேன்.

மற்றபடி நலம். செருப்பு மழையில் நனைந்து சுருங்கிவிட்டது, புதிது வாங்க வேண்டும். தலையணை மூன்று வைத்துக்கொண்டால் தூக்கம் நன்றாக வருகிறது, கழுத்துக்கும் நல்லது. நேற்று நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். அதுவும் சுகம்தான்.

நீ கேட்டதற்குப் பதில்: நான்தான் எழுதினேன்.

தராசுக்காரன்


ஆகஸ்ட் 12

என்னங்க,

பத்து நாள் உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பேச வேண்டியதைப் பேசவில்லை, நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. மூக்கில் குழாயோடு இருப்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? இப்போது வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். இனி கேட்கலாம்.

உங்கள் ஜூலை 30 கடிதம் எனக்குக் கிடைத்த அதே நாள்தான் எதிர்வீட்டு டிரைவர் போன் செய்தார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். காலையில் கடை திறக்கவில்லையே என்று மேலே போய்ப் பார்த்தாராம். ஜன்னலோரம் நாற்காலியில், உதடு நீலம் பாரித்து, முழுதாக ஒரு வாக்கியம் பேச முடியாமல் இருந்தீர்களாம். அப்போதுகூட அவரிடம் "ஒண்ணுமில்ல" என்றீர்களாம். சுருங்கியது செருப்பு இல்லை, வீங்கியது கால். தலையணை கழுத்துக்கு இல்லை, நெஞ்சில் தண்ணீர். பஸ்ஸில் வரும்போது அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் நீங்கள் மூழ்கிக்கொண்டிருந்தீர்கள். கரையில் உட்கார்ந்து காற்று வாங்குகிற மாதிரி எழுதியிருந்தீர்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் டிரைவரைக் கூப்பிட்டு மூன்று எடைக்கற்களையும் மேலே தூக்கிவரச் சொல்லி அந்த மெஷினில் வைத்தேன். அறுபதுக்கு ஐம்பத்தைந்து காட்டுகிறது. மெஷின் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நீங்கள்தான் அதைப் பொய் சொல்ல வைத்தீர்கள். நர்ஸ் அழுதாள், தெரியுமா? "நாலாம் படின்னு நம்பி நான்தாங்க போனைக் குறைச்சேன்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

பழைய ஜன்னலுக்கே திரும்ப விண்ணப்பம் எழுதிவிட்டேன். பையில் இருக்கிறது, இன்னும் கொடுக்கவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். மூச்சு முட்டிய அத்தனை நாளும் போன் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏன் யாரையும் கூப்பிடவில்லை?

அவள்


ஆகஸ்ட் 16

உனக்கு,

கூப்பிட்டால் நீ வந்துவிடுவாய். அதுதான் பதில். வேறு பதில் தேடினேன், கிடைக்கவில்லை.

கேள்வித்தாளில் எதை எழுதினால் எத்தனை மார்க் என்று பார்த்தாலே தெரிகிறது. "என் உடம்புக்கு நானே பொறுப்பு", முழுக்கச் சரி. "கஷ்டம் வந்தால் உதவி கேட்பேன்", முழுக்கச் சரி. ஒவ்வொன்றுக்கும் டிக் போடும்போது உன் பதவிக்குத்தான் டிக் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். தட்டில் விரல் வைக்கிற கடைக்காரர்களை நான் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்! என் விரல் எனக்குத் தெரியவில்லை.

மெஷின் விஷயம் வேறு. அது பொய் என்று தெரிந்து செய்யவில்லை, சத்தியமாக. பிரிக்கும்போது வில் தளர்ந்திருக்கிறது என்றே நம்பினேன். தொழில் தெரிந்தவனுக்கு இது ஒரு வசதி. தனக்குப் பிடிக்காததை மெஷின் காட்டினால் மெஷினில் குறை கண்டுபிடிக்க அவனுக்குத் தெரியும். ஆனால் கல்லைப் படியிலேயே விட்டுவிட்டு வந்தபோது உள்ளே ஏதோ சொன்னது. கேட்கவில்லை.

வார்டில் இருக்கும்போது நர்ஸ் மறுபடி கேள்வித்தாளோடு வந்தாள், நீ சாப்பிடப் போயிருந்தாய். இந்தத் தடவை யோசித்து யோசித்துச் சொன்னேன். "மாத்திரை தெரியும்" என்றேன். "மூச்சு வாங்குனா போன் பண்ணுவீங்களா?" என்றாள். "வெட்கமா இருக்கும்மா" என்றேன். அதற்கு அதில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டாள். இரண்டாம் படி. "சார், இப்போதான் உங்களுக்கு நான் உதவி செய்ய முடியும்" என்றாள். போன் மறுபடி வாரம் இரண்டு தடவை வருகிறது.

நீ மூன்று கேட்டாய், என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. உன் கணக்குப்படி நீ வர வேண்டும். வராதே என்று கேட்டுக்கொள்கிறேன். வீராப்பில் சொல்லவில்லை. நீ வந்தால் மாத்திரை மறுபடி என் உள்ளங்கைக்கு வந்துவிடும். எனக்கு அது பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும், அதுதான் பயம். நீ பழைய புகார் ஜன்னலுக்குப் போவாய், நான் வீட்டில் உன் புகாராக இருப்பேன்.

பயமாகவும் இருக்கிறது. உன்னைத் தேடுகிறது. இரண்டையும் போனில் சொல்ல வராது.

தராசுக்காரன்


ஆகஸ்ட் 27

அம்மணி,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

திங்கட்கிழமை காலை எடை ஒன்றரை கிலோ கூடுதல். முதலில் மெஷின் மேல்தான் சந்தேகம் வந்தது, பிறவிக் குணம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே வில்லைப் பழையபடி தளர்த்தி வைத்திருந்தேன், ஆனாலும் டிரைவரைக் கூப்பிட்டுக் கற்களை வைத்துப் பார்த்தேன். அறுபதுக்கு அறுபது. அப்படியென்றால் கெட்டிருப்பது நான்தான். போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். நர்ஸிடம் "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கம்மா" என்று ஆரம்பித்தேன். "இதுக்குத்தான் சார் நான் இருக்கேன், எடையச் சொல்லுங்க" என்றாள். டாக்டரைக் கேட்டு மஞ்சள் மாத்திரையைக் கூட்டினார்கள். மறுநாள் நானே பஸ் ஏறிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று இரண்டு பேருமாகத் துருவினோம். பாக்கெட் சூப்! உறையின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, அத்தனையும் உப்பு. நன்றாக இருந்தது, பாவி.

இன்று எடை இறங்கிவிட்டது. செருப்பு காலில் நுழைகிறது.

உன்னிடம் முதலில் சொல்லவில்லை. ஒளித்து வைக்கவுமில்லை. முதலில் நர்ஸ், அப்புறம் டாக்டர், அப்புறம் நீ. இந்த வரிசை உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

தராசுக்காரன்


செப்டம்பர் 1

என்னங்க,

உங்கள் கடிதம் முந்தாநாள் வந்தது. படித்து முடித்ததும் வந்தது சந்தோஷம் இல்லை. திங்களும் செவ்வாயும் உங்களுக்கு உடம்பு சரியில்லை. நான் அந்த இரண்டு நாளும் சாப்பிட்டேன், தூங்கினேன், ஒரு நாள் தலைக்கு எண்ணெய்கூட வைத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் தோன்றவில்லை. உங்களுக்கு ஒன்று என்றால் எனக்கு முதலில் தெரிந்துவிடும் என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று நீங்கள் கேட்டால் சொல்லத் தெரியாது. பிழைத்தவரை நினைத்து யாராவது அழுவார்களா?

அப்புறம் கோபம். "முதல்ல நர்ஸ், அப்புறம் நானா?" என்று சுவரிடம் கேட்டேன். அப்புறம் விண்ணப்பத்தை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு யோசித்தேன். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு தெரியவில்லை. ஒரு நாள் இருக்கிறதே, நாளைக்கு அலுவலகத்தில் நிதானமாக முடிவு செய்யலாம் என்று பையில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிவதற்குள் புயல்காற்று. ஊர் முழுக்க மரம் விழுந்து, கம்பம் சாய்ந்து, இங்குள்ள ஆஸ்பத்திரிக்கே கரண்ட் இல்லை. ஜீப்பில் ஏறினவள் இறங்கவே இல்லை. எந்த லைனை முதலில் எழுப்புவது, யாரை எங்கே அனுப்புவது, எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. மூத்த லைன்மேன் ஒரு கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துக்கொண்டே டெஸ்டரை வைத்துக் காட்டினார், நான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரி விளக்கு எரிந்தபோது இருட்டிவிட்டது. சேறும் சகதியுமாக அலுவலகத்துக்குத் திரும்பி வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. சாவிக்காகப் பையைத் துழாவினேன். கையில் விண்ணப்பம் வந்தது.

ஆகஸ்ட் 31 முடிந்துவிட்டது.

வேண்டாம் என்று முடிவு செய்து நான் கொடுக்காமல் விடவில்லை. அப்படி எழுதினால் உங்களுக்குப் பெருமையாக இருக்கும், ஆனால் உண்மை அதில்லை. மறந்துவிட்டேன். விண்ணப்பத்தை மட்டுமில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை உங்களை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. மாத்திரை போட்டாரா, எடை பார்த்தாரா, ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு நாள் எனக்கு இருந்ததில்லை.

படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது, அப்புறம் பயங்கரமாகப் பசித்தது. போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி